கொறங்காட்டில் ஒரு கல்குருவி

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் வழியில் கிளுவை வேலிக்குள் விரிந்து கிடக்கும் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி ஆகியவற்றை எப்போதும் பார்க்கலாம். இந்தியக் கல்குருவி அப்படி எளிதில் கண்ணில் படுவதில்லை. சென்ற வாரம் வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே சரளை தெரிந்த ஓரிடத்தில் அதைக் கண்டேன்.

நின்றிருந்தவரை அது மண்ணோடு மண்ணாக இருந்தது, ஓடியபோதுதான் தெரிந்தது. நாலைந்து எட்டு விரைந்தோடி, சட்டென நிமிர்ந்து நின்று, முன்பக்கமாகக் குனிந்து ஏதோ ஒரு பூச்சியைக் கொத்திவிட்டு மறுபடியும் ஓடியது. ஆள்காட்டியைவிடச் சிறிய உடல், செங்காவி நிற மார்பு, கண்ணின் ஊடாகச் செல்லும் கரிய பட்டை, அதன்மேல் பிடரிவரை சென்று இரு பக்கமும் ஒன்றுகூடும் வெண்புருவம், வெளிறிய நீண்ட கால்கள் என எல்லாவற்றையும் இருநோக்கியில் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஓடுவதற்கென்றே அமைந்த அந்தக் கால்களில் முன்விரல்கள் மூன்று மட்டுமே உண்டு, பின்விரல் கிடையாது.

இப்பறவைக்குக் குட்டைப் புல்லும் வெறுந்தரையும் கலந்த நிலம் வேண்டும். புல் உயர்ந்து அடர்ந்தால் ஓட முடியாது. சீமைக்கருவேலம் மண்டினாலும் இடத்தைவிட்டுப் போய்விடும். கொறங்காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மாடுகளை மேயவிட்டு மற்றொன்றில் புல்லை வளரவிடும் நம் குடியானவர்களின் வழக்கம், இந்தக் கலவை நிலத்தைத் தானாகவே காத்துத் தருகிறது. ஆகவே கல்குருவியின் வாழ்வு காங்கேயம் மாட்டின் மேய்ச்சலோடு பிணைந்தது என்றே நான் கருதுகிறேன். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024ஆம் ஆண்டு ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது நம் எல்லோருக்கும் பெருமை. நீர்நிலைக்குக் கிடைத்த அந்த மதிப்பு, தரிசு என்று ஒதுக்கப்பட்டு வீட்டுமனைகளாகவும் சூரிய மின்தகடுகள் நிறுத்தும் இடங்களாகவும் மாறிவரும் மேட்டுநிலப் புல்வெளிக்கு இன்னும் கிடைக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

காட்டுக்காரப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏனுங் தம்பி, கௌதாரிங்களா?" என்று கேட்டார். இருநோக்கியைக் கொடுத்துக் காட்டினேன். "இதுங்களா! மாடு மேஞ்ச பக்கமாத்தானுங்க ஓடிட்டிருக்கும்" என்றார். நூல்களில் நான் தேடிப் படித்ததை அவர் மாடு மேய்த்தே அறிந்திருந்தார்.

பார்க்க விரும்புவோர் காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். உள்ளே போக நேர்ந்தால் படலை மறக்காமல் சாத்துங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் இனப்பெருக்கக் காலம். வெறுந்தரையில் இடும் முட்டைகள் மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. அம்மாதங்களில் கொறங்காட்டுக்குள் நடக்கவே வேண்டாம்.