இலையுதிர்காலம் இல்லாத ஊரில் ஓர் அறுவடை

4 அக்டோபர் 2025, சனிக்கிழமை

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகத்திடமிருந்து மூன்றாண்டு வாடகைக்கு எடுத்திருக்கும் என் பாத்தி இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்டது. அதில் விளைவது இரண்டு பேர் உள்ள வீட்டுக்குச் சரியாக இருக்கும். ஆனால், பக்கத்துப் பாத்திக்கார அங்கிள் ஒரு மாதம் மகளைப் பார்க்க வெளிநாடு செல்வதால், தம்முடைய வெண்டைக்காயையும் பச்சை மிளகாயையும் நானே பறித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் வெண்டைக்காய் முற்றி நாராகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். இன்று மட்டும் மிளகாய் ஒரு கிலோவுக்கு மேல் கிடைத்தது.

டொராண்டோவில் இருக்கும் என் நாத்தனாருக்கு இது புட்டி அடைக்கும் காலம். முதல் உறைபனி விழுவதற்குள் காயும் பழமுமாகத் தக்காளி முழுவதையும் பறித்து, வேகவைத்து, புட்டிகளில் அடைத்துக் குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொள்வார். சென்ற ஆண்டு வந்தபோது, இரண்டு பாகமாகப் பிரியும் மூடி கொண்ட ஆறு கண்ணாடிப் புட்டிகளை எனக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவற்றில் இதுவரை பருப்புதான் இருந்தது.

மிளகாயில் பாதியைக் கீறி, உப்பிட்ட கெட்டி மோரில் போட்டிருக்கிறேன். மோர்மிளகாய்க்குப் புட்டி எதற்கு?

8 அக்டோபர், புதன்கிழமை

மோர்மிளகாய் பூசணம் பிடித்துவிட்டது.

பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் ஊறவைத்து, மோர் முழுவதும் வற்றும்வரை இப்படியே செய்வதுதான் முறை. அதை என் அத்தையிடம் கற்றேன். ஆனால், அத்தை கும்பகோணத்தில் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் செய்தார். எனக்கு இருப்பது ஈசூனில் ஏழாவது மாடியில் ஒரு தாழ்வாரம். ஞாயிறன்று நன்றாகவே காய்ந்தது. திங்களன்று பிற்பகல் இரண்டரைக்கு இடியுடன் மழை. செவ்வாயன்று விடிவதற்கு முன்பே சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று தட்டையே புரட்டிப் போட்டது. அக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள் என்பதும், பிற்பகல் இடிமழை அவற்றின் இயல்பு என்பதும் தெரிந்திருந்தும், வெயிலை நம்பியது என் பிழை. மழை பெய்யாத வேளையிலும் காற்றில் ஈரம் வற்றுவதில்லை. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல்.

தொலைபேசியில் அத்தை, "வத்தல் போடுகிற காலமா இது? இன்னும் பத்து நாளில் ஐப்பசி பிறக்கப்போகிறது" என்றார். அங்கும் ஐப்பசி அடைமழைக்காலம்தான். வேறுபாடு என்னவென்றால், அவர் வத்தல் வேலையை ஆறு மாதத்துக்கு முன்பே முடித்துவிடுவார். எனக்கு அந்த ஆறு மாத இடைவெளி கிடைப்பதில்லை. செடி காய்க்கும் நாள்தான் எனக்கு அறுவடை நாள்.

பூசணம் பிடித்ததை முழுவதுமாகக் கொட்டிவிட்டேன். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். மீதமிருந்த மிளகாயை ஒரே இரவு மோரில் ஊறவைத்து, மின்னடுப்பில் 65 பாகை வெப்பத்தில், கதவை ஒரு கரண்டிக்காம்பு அளவுக்குத் திறந்துவைத்து, நாள் முழுவதும் உலர்த்தினேன். கதவு திறந்திருந்தால்தான் ஈரம் வெளியேறும். மோரின் புளிப்பு அத்தை செய்வதில் பாதிதான் ஏறியது. நொறுங்கும் பதம் மட்டும் வந்துவிட்டது.

12 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

வெண்டைக்காய் ஒன்றரைக் கிலோ சேர்ந்துவிட்டது. நாத்தனாரின் புட்டிகளில் இருந்த பருப்பை வெளியே எடுத்தேன்.

வெண்டைக்காயில் புளிப்பு இல்லை. அதை வெறும் தண்ணீரில் அடைத்துக் கொதிக்கவைத்தால் அது ஆபத்து. பொட்டுலிசம் என்னும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். நன்றாக அடைத்த புட்டியின் உட்புறம் அப்படிப்பட்ட இடம்தான். புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் அளவு 4.6 என்ற கோட்டுக்குக் கீழே இருந்தால் அவற்றால் முளைக்க முடியாது. ஆகவே வெண்டைக்காயைக் காப்பது வினிகர்தான். கொதிநீரின் வேலை பூசணத்தையும் நொதிகளையும் பிற கிருமிகளையும் அழித்து, மூடியை இறுக்குவது மட்டுமே. வீட்டில் இருந்த அரிசி வினிகரின் சிட்டையில் 4.5 விழுக்காடு என்று இருந்தது. நான் பின்பற்றும் ஊறுகாய்க் குறிப்பு கேட்பதோ 5 விழுக்காடு. மீண்டும் மின்தூக்கியில் இறங்கிக் கடைக்குப் போய் வந்தேன்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதியாக 700 மில்லிலிட்டர் வீதம், உப்பு சுமார் 95 கிராம். ஒவ்வொரு அரை லிட்டர்ப் புட்டியிலும் ஒரு மிளகாய், இரண்டு பல் பூண்டு, சிறிது கடுகு. காம்பை ஒட்ட நறுக்கிய முழு வெண்டைக்காய்களை நெருக்கி அடுக்கி, கொதிக்கும் கரைசலை ஊற்றி, வாயில் அரை அங்குலம் இடம் விட்டு மூடினேன். சூடான புட்டியில்தான் சூடான கரைசலை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்கவில்லை. தேக்காச் சந்தையில் வாங்கிய பெரிய இட்லிப் பானையின் அடியில் ஓர் இட்லித் தட்டைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் புட்டிகளை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் நேரத்தைக் கூட்ட வேண்டும். நம் தீவில் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான் என்பதால், உயரத்துக்கேற்ற நேரத்தைச் சொல்லும் அட்டவணையின் முதல் வரி இங்கே எல்லோருக்கும் பொருந்தும்.

காத்திருந்த பத்து நிமிடத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஈசூன் என்ற பெயரே அன்னாசித் தோட்டங்களால் செல்வம் சேர்த்த லிம் நீ சூனின் பெயரிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இந்தத் தீவிலிருந்து தகரக் குவளைகளில் அடைத்த அன்னாசி கப்பல் கப்பலாக வெளியேறியது. புளிப்புள்ள பழம் என்பதால் அன்னாசி கொதிநீருக்கே அடங்கும். இந்த முறையை 1810இல் நூலாக வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேருக்கு 12,000 பிராங்கு பரிசு கிடைத்தது. ஆனால், உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

13 அக்டோபர், திங்கட்கிழமை

நான்கு மூடிகளில் மூன்று உள்வாங்கி இறுகியிருக்கின்றன. நான்காவதை விரலால் அழுத்தினால் 'டொக்' என்று மீண்டு வருகிறது. விளிம்பில் ஒரு கடுகு ஒட்டியிருந்திருக்கிறது. அந்தப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். தீபாவளிக்குத் தீர்ந்துவிடும்.

18 அக்டோபர், சனிக்கிழமை

கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) ஒரு பை நிறைய பெலிம்பிங் என்னும் புளிப்புக் காய் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் போடுவது. எலுமிச்சையைக் காட்டிலும் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. கல்லுப்பில் புரட்டிப் பீங்கான் ஜாடியில் போட்டேன். அலுமினியப் பாத்திரத்தை அருகில் கொண்டுவரக் கூடாது. இதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ள என் நாத்தனாரின் கணவருக்கு இதை அனுப்பப் போவதில்லை.

26 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

தீபாவளி பலகாரங்கள் தீர்ந்தபின் பாகற்காய் முறை வந்தது. வீட்டுக்காரர், "பிரஷர் குக்கரிலும் 15 பவுண்டு அழுத்தம், 121 பாகை வெப்பம்தானே? பாகற்காய்க் குழம்பையே அடைத்துவிடேன்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 121 பாகையில் அந்த வித்துகள் சாகும் என்பதும் உண்மை. ஆனால், புட்டி அடைப்பதற்கான நேரக் கணக்குகள், ஏறத்தாழ ஒரு லிட்டர்ப் புட்டிகள் குறைந்தது நான்கு நிற்கும் பெரிய அழுத்தக் கலனில் சோதித்து எழுதப்பட்டவை. அது மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரமும் அந்தக் கணக்கில் அடக்கம். நம் குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். போதாக்குறைக்கு, எண்ணெயும் தேங்காயும் சேர்ந்த குழம்புக்குச் சோதித்த கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. விசில் எண்ணி இதைச் செய்ய முடியாது. பாகற்காயை வட்டமாக நறுக்கி, வதக்கி, உறைபெட்டியில் வைத்துவிட்டேன். அவருக்குச் சற்று ஏமாற்றம்.

9 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

நான்கு வாரம் ஊறட்டும் என்று விட்டுவைத்த வெண்டைக்காயை இன்று திறந்தேன். மூடியை நெம்பியபோது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கரைசல் லேசாகக் கலங்கியிருந்தது. தூள் உப்பில் சேர்க்கும் கட்டிபடாப் பொருளால் அப்படி ஆகும் என்று நாத்தனார் எச்சரித்திருந்தார், நான்தான் கல்லுப்பை எடுக்காமல் விட்டுவிட்டேன். வழவழப்பு ஓரளவு இருக்கிறது, ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. தயிர்சாதத்துக்குப் புளிப்பு அதிகம்; பருப்புசாதத்துக்குப் பொருத்தம். அடுத்த முறை கடுகோடு வெந்தயமும் சேர்க்க வேண்டும். வினிகரை மட்டும் குறைக்கக் கூடாது.

அங்கிள் திரும்பி வந்துவிட்டார். ஒரு புட்டியை அவரிடம் கொடுத்தேன். காலைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு முற்றவிட்டுக் காயவைத்த வெண்டை விதைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாலையில் மழை வலுத்ததால் விதைக்க முடியவில்லை. விதைகளை மீந்திருந்த இரண்டு காலிப் புட்டிகளில் ஒன்றில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.