பழைய ஜென்னில் பிரேக் ஹோல்டு: இதுவரை நடந்தது

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒருமுறை மாட்டிக்கொண்டவர்களுக்கு காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தே நிற்கும் ‘பிரேக் ஹோல்டு’ வசதி மீது எனக்கு ஏன் ஆசை வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பத்தடி நகர வேண்டும், நிற்க வேண்டும். வலது கால் பிரேக்கிலேயே கிடக்கும். புதிய கார்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் ஹைட்ராலிக் பகுதி சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். என் 1998 மாருதி ஜென் காரில் ஏபிஎஸ்கூடக் கிடையாது. எனவே பிரேக் குழாயில் தனியாக வால்வு வைப்பதுதான் வழி.

டிராக் (drag) பந்தயக் கார்களில் முன்சக்கரங்களை மட்டும் பூட்டிவைக்க ‘லைன் லாக்’ என்ற, மின்சாரம் கொடுத்தால் மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வைப் பயன்படுத்துவார்கள். அதே வகையில் இரண்டு வாங்கினேன். இந்த வண்டியின் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாக, மூலைவிட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றை மட்டும் பூட்டினால் பாதிப் பிடிப்புதான். தண்டையார்பேட்டையில் எனக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “கரன்ட் போனாலும் கால் வைத்தால் பிரேக் பிடிக்க வேண்டும், தம்பி.” மின்சாரம் இல்லாதபோது இந்த வால்வு திறந்தே இருக்கும். பூட்டியிருக்கும்போதும் இன்னும் அழுத்தி மிதித்தால், உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு கூடுதல் அழுத்தத்தை விட்டுவிடும். இந்த ஒருவழி வால்வு இல்லாத மலிவு ரகமும் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

குழாய் முனைகளை விரித்து (பிளேர் அடித்து), பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி முடித்ததும் பிடிப்பு முதல் நாளே சரியாக வந்துவிட்டது. பிரேக் விளக்குக்கு மட்டும் ஒரு ரிலே சேர்த்தேன். காலை எடுத்தால் பெடல் சுவிட்ச் விளக்கை அணைத்துவிடும். பின்னால் வருகிறவருக்கு நாம் நிற்பது தெரிய வேண்டுமே.

எப்போது விடுவது என்பதில்தான் பெரும்பாடு. இது கியர் வண்டி. கிளட்ச் பெடல் மேலே வரத் தொடங்கியதும் விட்டால், மேட்டில் வண்டி பின்னால் உருளும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு விட்டால், வண்டி முக்கி முனகித்தான் கிளம்பும். கிளட்ச் கவ்வும் அந்தக் கணம் வண்டிக்குத் தெரிந்தாக வேண்டும். கவ்வும்போது எஞ்சின் வேகம் லேசாக விழும் அல்லவா, அதைப் பிடித்தேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும்போது இக்னிஷன் காயிலில் விநாடிக்கு 30 துடிப்புகள், அதாவது 33 மில்லி விநாடிக்கு ஒன்று. 800க்கு இறங்கினால் இடைவெளி 37ஐத் தாண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்கு இந்த வித்தியாசம் தாராளம். காயிலில் சில நூறு வோல்ட் எகிறும் என்பதால் நடுவே ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் சில்லு) கட்டாயம்.

அதற்குள் ஏசி குறுக்கே வந்தது. கம்ப்ரெசர் ஓடத் தொடங்கினாலும் எஞ்சின் வேகம் இறங்கும். ஆர்டுயினோ இருக்கும் பெட்டி அதைக் கிளட்ச் என்று நம்பிப் பிரேக்கை விட்டுவிடும். சென்னையில் ஏசி இல்லாமல் வரிசையில் நிற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கிளட்ச் பெடலில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, பெடல் கீழிருந்து எழுந்த ஒரு விநாடிக்குள் வேகம் விழுந்தால் மட்டுமே விடு என்று நிரலை மாற்றினேன். இப்போது ஏசியிடம் ஏமாறுவதில்லை.

வண்டி நின்றுவிட்டதா என்று அறிவதும் சுலபமில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுகிறது, மின் சமிக்ஞை எதுவும் இல்லை. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் ஒரே ஒரு காந்தம் ஒட்டினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்த பிறகுதான் ஒரு துடிப்பு வரும். எட்டு ஒட்டினால் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டருக்கு ஒன்று. எட்டு ஒட்டினேன்.

சோதனை எல்லாம் மணலியில் உறவினர் கிடங்கின் மதில் சுவருக்குள், சரக்கு ஏற்றும் சாய்தளத்தில்தான். தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது; விபத்தானால் காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். சாலைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியின் ஃபியூஸைக் கழற்றிவிடுகிறேன்.

மீதி இருப்பது சூடு. பூட்டிய சில நிமிடங்களில் வால்வின் காயில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. இழுக்கத்தான் முழு மின்னோட்டம் தேவை, பிடித்து வைக்கப் பாதி போதும். அதனால் வால்வை இயக்கும் ரிலேவை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தைக் குறைக்க உதவும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் வைக்கப்போகிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் கைபிரேக் போடச் சொல்லி அலறும் பஸரும் அதே பலகையில் வரும்.