பில்லில் 10 வீதம், கையில் நூறு ரூபாய்

டொரொண்டோவிலிருந்து மச்சாள் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு டிப்ஸ் சண்டை நிச்சயம். இங்கே கொழும்பில், பம்பலப்பிட்டியில் சாப்பிட்டால் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் எல்லாம் சேர்ந்துதான் வரும். அதற்கு மேலும் ஆயிரம் ரூபாய் வைப்பாள். "அங்க வைக்காட்டி முறைச்சுப் பாப்பினம்" என்பாள். டொரொண்டோ இருக்கும் ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுபவர்களுக்கென்று இருந்த, மற்றவர்களைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 2022 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. அமெரிக்கா வேறு கதை. டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டொலர் கொடுத்தால் போதும் என்று மத்திய அரசின் சட்டம் 1991இலிருந்து சொல்கிறது. டிப்ஸோடு சேர்த்தும் அடிப்படைச் சம்பளமான 7.25 டொலர் வராவிட்டால்தான் மிச்சத்தை அவர் போட வேண்டும்.

இங்கே உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அந்த 10 வீதத்தையே டிப்ஸாக எடுக்கலாம் என்பது என் கட்சி, அது ஊழியர்களுக்குப் போனால். போகிறதா என்று பரிமாறுகிற தம்பியிடமே கேட்பேன். கூட வரும் என் மனுசனுக்கு அது வெட்கம். பெரியம்மாவின் பேரன் ஹோட்டலில் வேலை செய்தவன். சேவைக் கட்டணத்தை ஆளுக்கு இத்தனை பொயிண்ட் என்ற கணக்கில் பிரிப்பார்கள், உடைந்த கோப்பைக்கும் அதில் கழிப்பார்கள் என்றான். சேவைக் கட்டணம் போடாத சைவக்கடையில் தோசை சாப்பிட்டால் மேசையில் ஐம்பது, நூறு வைப்பேன். அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது, ஆப்பில் ஓடர் போட்டால் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளின் விஷயம். மோட்டார் சைக்கிள் அவருடையது, லீசிங் அவருடையது, பெற்றோல், டேட்டா, டயர் எல்லாம் அவருடையது. கொத்துக்கடை வாசலில் காத்து நிற்கும் நேரத்துக்குக் காசு உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தை 27,000 ரூபாய் ஆக்கினார்கள். கொம்பனிக் கணக்கில் இவர்கள் ஊழியர்களே இல்லை என்பதால் அதுவும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது மிதிவண்டியில் பார்சல் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள்.

நல்ல சேவைக்குத்தான் டிப்ஸ் என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. சிரித்தாரா, சுணங்கினாரா என்று பசியோடு நிற்கிற நான் புள்ளி போடுவதா? சுணக்கம் குசினியில் நடந்திருக்கலாம், காலி வீதி நெரிசலில் நடந்திருக்கலாம். அதனால் ஓடர் போடும்போதே தொகையை முடிவுசெய்துவிடுவேன். நூறு, மழையென்றால் இருநூறு. ஆறிப்போய் வந்தாலும் அதேதான். ஆப்பில் போடாமல் கையில் கொடுப்பேன், போகிற வழியில் பெற்றோல் அடிக்க உதவும்.

"நீர் இப்பிடிக் குடுக்கக் குடுக்கத்தான் கொம்பனிக்காரன் கூட்டிக் குடுக்கமாட்டான்" என்கிறார் என் மனுசன். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொம்பனியைத் திருத்துவதற்காக வாசலில் நனைந்து நிற்பவரின் நூறு ரூபாயை நான் ஏன் பிடித்துவைக்க வேண்டும்?

இன்னொன்று. எங்கள் தொடர்மாடியில் பார்சல்காரர் லிஃப்டில் ஏறக்கூடாது என்று வாச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் அழுக்காகுமாம்! அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கிளப்பப் போகிறேன். ஐந்தாம் மாடி அன்ரியும் என் பக்கம். அதுவரைக்கும் நானே கீழே இறங்கிப்போய் வாங்குகிறேன்.