அப்பாவின் ஆடி வெள்ளி

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் ஞாபகம் வந்துவிடும். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ரப்பர் பால்மரம் நின்ற இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்துபோன பழைய குடும்பங்கள் ஆடி வெள்ளிக்கு அங்கேதான் கூடுகின்றன.

அப்பா காலமான பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உபயத்தை அண்ணன் கேட்டு வாங்கினார். ஜூலை 31-ஐ ஒட்டி வரும் வெள்ளிதான் வேண்டும் என்றார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் மலாயாவில் அறிவித்த அவசரகாலம் 1960-இல் முடிவுக்கு வந்த நாள் அது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களை நினைக்கும் வீரர் தினமும் அதுதான். எந்த வருடமானாலும் ஆடிக்குள்தான் வரும்.

அந்த அவசரகாலம் எங்கள் ஊரில் தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. லயத்தைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு என்று வளர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். ஐ.நா. படையோடு ஆப்பிரிக்காவில் உள்ள கொங்கோ போன மலாயா வீரர்களில் அவரும் ஒருவர். கவச வண்டி ஓட்டினார். சார்ஜனாக ஓய்வு பெற்று, மறுபடியும் தோட்டத்துக்கே வந்தார்.

கோயிலுக்குள் நுழைந்தால் அப்பா முதலில் அம்மன் சந்நிதிக்குப் போகமாட்டார். வாசலில் இருக்கும் முனியாண்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். “ராத்திரியெல்லாம் முழிச்சு நிக்கிறவரு, அவரை முதல்ல கவனிக்கணும்” என்பார். காவல் நின்றவருக்குத்தான் அந்த அருமை தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

முனியாண்டியின் பித்தளைச் சூலத்தைத் துலக்குவது அவர் வேலை. பட்டாளத்தில் பொத்தானுக்குப் போட்டுப் பழகிய பிராசோ பாலிஷைத்தான் எடுப்பார். சாமி சாமானுக்குப் புளிதான் போடவேண்டும் என்று பண்டாரம் சண்டைக்கு வந்தார். கடைசியில் உள்ளே இருக்கும் விளக்குகளுக்குப் புளி, வெளியே சூலத்துக்குப் பிராசோ என்று முடிவானது. அதே கையால் எனக்கும் அக்காவுக்கும் தலை பின்னிவிடுவார். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவதால் அது அப்பா பொறுப்பு. அவர் பின்னிய சடை பள்ளி விட்டு வரும்வரை ஒரு மயிர்கூடக் கலையாது. அம்மா படுத்த படுக்கையான பிறகு அவருக்கும் தினமும் அப்பாதான் பின்னிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் செய்கிறோம் என்றாலும் விடமாட்டார்.

கொங்கோவைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். அப்பாவோடு அங்கே இருந்த மலாய்க்கார நண்பர் ஒருவர், பேரனோடு இந்த வருடமும் வந்திருந்தார். நாங்கள் அவரைப் பாக் சிக், அதாவது மலாயில் மாமா, என்போம். கூழும் சோறும் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். வண்டிக்குள் அப்பா ஒட்டி வைத்திருந்த சிறிய மாரியம்மன் படத்தைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டோம். டின்னில் வரும் மாட்டிறைச்சியை அப்பா தொடமாட்டாராம்; பாக் சிக் தன் பங்கு சார்டினைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாராம். வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது, வெறும் ரொட்டிதான். “சுங்கை சிப்புட்டில் அம்மா விரதம் இருப்பார்கள், நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது?” என்று கேட்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கு அப்பாவின் கடிதங்களைத் தமிழ்ப்பள்ளி வாத்தியார்தான் படித்துக் காட்டுவார். அந்தக் கடிதம் எதிலும் இந்தப் பட்டினிக் கதை இருந்ததாகப் பாட்டி சொன்னதில்லை.

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா பாக் சிக்கின் தட்டில் இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். கிளம்பும்போது அவர் அடுத்த வருட உபயம் எந்தத் தேதி என்று கேட்டார். பேரன் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.