எந்த மலைக்குப் போறீங்க?

கோயம்புத்தூரில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி போகிறவர்கள் வருவார்கள். நவம்பர் பிறந்தால் இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள்.

எனக்குப் பிடித்த வேலை ஷூ பார்த்துக் கொடுப்பது. முடிந்தால் சாயங்காலம் வாங்க என்பேன். நாளெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். தடித்த சாக்ஸ் போடச் சொல்லி, சரிவுப் பலகையில் இறங்கவைப்பேன். ஏறும்போது எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் இடித்தால், இரண்டே நாளில் நகம் கறுத்துவிடும். கலர் பிடித்துப்போய்ச் சின்ன சைஸை எடுக்கப் போனவர்களிடம் கெஞ்சியே இருக்கிறேன்.

ஆனால் ஸ்லீப்பிங் பேக்கில், அதாவது குளிருக்கு உள்ளே புகுந்து படுக்கும் பையில், ஒரு தப்பு செய்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. நண்பர்களோடு டிசம்பர் கடைசியில் இமயமலையில் இருக்கும் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிற கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். 12,500 அடி உயரம், சுற்றிலும் பனி. ஸ்லீப்பிங் பேக்கின் மேல் மைனஸ் 5 டிகிரி என்று பெரிதாகப் போட்டிருந்தது. "அந்தக் குளிர் வரைக்கும் தாங்கும் தம்பி" என்று கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் திரும்பி வந்தான். இரண்டு ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லையாம். ஜாக்கெட்டோடு உள்ளே படுத்தும் பல் கிட்டியதாம். "எனக்குத்தான் குளிர் தாங்காது போலண்ணா" என்றான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டதுதான் எனக்கு வலித்தது.

அன்று கடை சாத்தியபின் அந்தப் பையின் லேபிளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். மூன்று குளிர் அளவுகள் இருந்தன. கம்ஃபர்ட் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்றால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கலாம். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம், அவ்வளவுதான். பெரிதாக அச்சடித்த மைனஸ் 5 என்பது லிமிட். கம்ஃபர்ட் பிளஸ் 1. போதாக்குறைக்கு, அடியில் விரிக்க மேட் வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. நம் கனத்தில் பையின் அடிப்பக்கம் அமுங்கிவிடும், தரைக்குளிர் நேரே முதுகில் ஏறும்.

அப்புறம் எதை எடுத்துக் காட்டுவதற்கு முன்னும் எங்கே போறீங்க, எந்த மாசம், ராத்திரி எங்கே தங்கல் என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு பில் போட அரை மணி நேரம் ஆகும்.

ஒரு மார்ச் மாதம் அறுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர் ஒருவர், பேரனோடு வந்தார். வெள்ளியங்கிரிக்குத்தான். பேரன் ஷூவைக் காட்டினான். "சாமி மலைங்க தம்பி, செருப்புப் போட்டு ஏற மாட்டேனுங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டு, ராத்திரியில் எப்படி ஏறுவீங்க என்று கேட்டேன். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் டார்ச்சாம். போன வருஷம் வழுக்கியபோது பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் முழங்காலில் அடிபட்டதாம்.

நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தலைத்துண்டின் மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு வெறுமையான இரண்டு கைகளையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.