தென்னாப்பிரிக்காவின் கரூ, கலஹாரி வறண்ட நிலப் பக்கம் கேரவன் இழுத்துப் போகிறவர்களுக்கு: சிக்னல் சமாச்சாரம்

டர்பனில் கிளம்பி வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித், ப்ளூம்ஃபோன்டெய்ன், கிம்பர்லி வரை போனுக்கு ஒரு குறையும் வராது. கிம்பர்லியைத் தாண்டி என்8 சாலையில் அப்பிங்டன் நோக்கிப் போகும் அந்த 400 கிலோமீட்டரில்தான் போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. வடக்கு கேப் மாகாணம் தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்பு. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 14 லட்சத்துக்கும் குறைவு. டவர் வைப்பவர்கள் ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் வைப்பார்கள். நடுவில் இருக்கும் ஆட்டுப் பண்ணைகளுக்கு வைக்க மாட்டார்கள்.

அதனால் கருவி வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன், போகும் வழியில் எங்கெல்லாம் சிக்னலே கிடையாது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் நிறுவனங்களான வோடகாம், எம்டிஎன் இரண்டுமே தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் வைத்திருக்கின்றன. அதில் காட்டுவது வெட்டவெளிக் கணக்கு. அலுமினியத் தகடு போர்த்திய பழைய ஸ்பிரைட், ஜிப்சி கேரவனுக்குள் உட்கார்ந்தால் அதில் பாதிகூட வராது. வரைபடத்தில் வெளிர் நிறமாக இருக்கும் இடத்தை 'இல்லை' என்றே எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு பகுதியில் மட்டும் சிக்னல் இல்லாததற்குச் சட்டமே காரணம். கார்னார்வன் ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது: 13.5 மீட்டர் விட்டமுள்ள 64 தட்டுகள், 2018இல் திறப்பு விழா. எஸ்கேஏ தொலைநோக்கியின் தட்டுகளும் அங்கேதான் எழும்புகின்றன. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அவை கேட்கும் அலைவரிசைகளுக்குள்ளேயே நம் மொபைலின் 900 மெகாஹெர்ட்ஸும் விழுகிறது. அதனால் 2007ஆம் ஆண்டின் வானியல் பாதுகாப்புச் சட்டம் அந்த வட்டாரத்தில் ஒலிபரப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. கார்னார்வன், வில்லிஸ்டன், ப்ராண்ட்ஃப்ளெய் ஊர்களுக்குள் பேசிவிடலாம். ஊருக்கு ஊர் நடுவே ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயன் இல்லை. அங்கே பேட்டரியை வீணாக்காமல் ரவுட்டரை (சிம் போட்டு வைஃபை தரும் பெட்டியை) அணைத்துவிடுங்கள்.

சமவெளியில் உயரம்தான் எல்லாம். 50 மீட்டர் டவர், கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் போன் என்றால் பூமியின் வளைவு சுமார் 34 கிலோமீட்டரில் மறைத்துவிடும். அதே ஆன்டெனாவை 8 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 41 கிலோமீட்டர். அந்த 7 கிலோமீட்டரில்தான் பல முகாம்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கோப்பி, அதாவது சிறு பாறைக்குன்று, இருந்தால் போனோடு அதன் மேல் ஏறுவது 5,000 ரேண்ட் கருவிக்குச் சமம். இன்னொன்று: பழைய 2ஜி முறையில் டவருக்கும் போனுக்கும் இடையே 35 கிலோமீட்டருக்கு மேல் போனால், நேரக் கணக்கு ஒத்துவராமல் அழைப்பு இணையாது. கோடு காட்டும், ஆனால் பேச முடியாது. எல்டிஇக்கு, அதாவது 4ஜிக்கு, இந்த வரம்பு இவ்வளவு குறுகல் இல்லை. அப்படி மாட்டினால் போன் அமைப்பில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சிம் இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு டவர் வைத்திருக்கும் நிறுவனங்களாக. ஒன்று வோடகாம், ஒன்று எம்டிஎன் என்றால் சரி. செல் சி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் மற்றவர்களின் டவரில்தான் ஓடுகிறார்கள் என்பதால் அதை 'மூன்றாவது வழி' என்று கணக்கில் சேர்க்க வேண்டாம். சிம்மைக் கிளம்பும் ஊரிலேயே வாங்கி, அதை உங்கள் பெயரில் பதியும் ரைக்கா சட்டப் பதிவை முடித்துவிடுங்கள். சின்ன ஊர்க் கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், முகவரிச் சான்றைக் கேரவனில் யார் வைத்திருப்பார்கள்? இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுக்கும் பாஸ்போர்ட்டை வைத்துப் புறப்படும் முன்பே வாங்கிக் கொடுங்கள். டேட்டா வாங்கும்போது '20 ஜிபி' என்று பெரிதாகப் போட்டிருப்பதில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லும் இரவு டேட்டாவாக இருக்கும். பகல் பங்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை ரவுட்டருக்குள் போடாதீர்கள். ஓடிபி எஸ்எம்எஸ் ரவுட்டருக்கே போய் விழும். பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டு அதை உள்ளே புகுந்து தேடும் அவலம் வேண்டாம். அந்த சிம் போனிலேயே இருக்கட்டும், போனில் வைஃபை காலிங்கை இயக்கி வையுங்கள். போனுக்கு நேரடி சிக்னல் இல்லாவிட்டாலும், மற்ற நிறுவனத்தின் சிம் போட்ட ரவுட்டர் வழியாகவே சாதாரண அழைப்பு வரும்.

இனி ஆன்டெனா. இங்கேதான் காசு அதிகம் கரைகிறது, பெரும்பாலும் தவறான இடத்தில். நம் நாட்டுத் தயாரிப்பான பாய்ன்டிங் ஆன்டெனாக்கள் எளிதாகக் கிடைக்கும். எல்லாப் பக்கமும் கேட்கும் எக்ஸ்போல்-1 வகை ஓடும்போதும் நின்றதும் உடனே வேலை செய்யும், திருப்ப வேண்டியதில்லை. ஒரே பக்கம் கேட்கும் எக்ஸ்போல்-2, எல்பிடிஏ வகைகள் இரண்டு மூன்று நாள் தங்கும் முகாமுக்கு. தொலைதூர டவருக்கு இரண்டாவது வகைதான். எந்த வகையானாலும் எல்டிஇக்கு இரண்டு கேபிள் இருக்க வேண்டும். ஒற்றைக் கேபிள் ஆன்டெனாதான் இருக்கிறது என்றால் ரவுட்டரில் 'மெயின்' என்று எழுதிய துளையில் மாட்டுங்கள், 'ஆக்ஸ்' துளையில் அல்ல.

ஆன்டெனா சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். 1,800 மெகாஹெர்ட்ஸில் எல்எம்ஆர்-195 ரக மெல்லிய கேபிள் மீட்டருக்கு அரை டெசிபெல் இழக்கும். 10 மீட்டருக்கு 5 டெசிபெல் போய்விடும். 3 டெசிபெல் என்றாலே பாதி சக்தி. மலிவான ஆர்ஜி58 இன்னும் மோசம். 9 டெசிபெல் ஆன்டெனா வாங்கி ஆர்ஜி58இல் 10 மீட்டர் இறக்கினால், கையில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எல்எம்ஆர்-400 அதே 10 மீட்டருக்கு 2 டெசிபெல்தான் எடுக்கும், ஆனால் விரல் தடிமன், ஜன்னல் இடுக்கில் வளையாது. எங்கள் கட்சி வேறு: ரவுட்டரையே கம்பத்தின் உச்சியில், நீர் புகாத வெள்ளைப் பெட்டியில் வைத்து, ஆன்டெனாக் கேபிளை அரை மீட்டருக்குள் முடியுங்கள். கீழே நெட்வொர்க் கேபிள் மட்டும் வரட்டும். டெல்டோனிகா நிறுவன ரவுட்டர்களில் சில சிறு மாடல்கள் அந்தக் கேபிள் வழியாகவே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும். 9 முதல் 30 வோல்ட் வரை தாங்குவதால் இன்வெர்ட்டரும் வேண்டாம்.

திருப்பும் முறை இது. ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறந்து ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவே அதன் தெளிவு) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். கோடுகளை மறந்துவிடுங்கள். ஆன்டெனாவை 30 பாகை திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டையும் எழுதுங்கள். 12 முறை செய்தால் ஒரு சுற்று முடியும். சிறந்த திசையைச் சுற்றி 10 பாகையாக மறுபடி. ஆர்எஸ்ஆர்பி -85 என்றால் பிரமாதம், -115 என்றால் விளிம்பு. ஆனால் முடிவெடுக்க வேண்டியது எஸ்ஐஎன்ஆரை வைத்து. -108இல் எஸ்ஐஎன்ஆர் 12 கிடைக்கும் திசை, -90இல் 0 கிடைக்கும் திசையைவிட வேகமாக ஓடும். சத்தமாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்பதுதான் தேவை. ஒரு நிமிடம் பொறுக்காமல் கம்பத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எந்தத் திசையும் பிடிபடாது, ரவுட்டர் ஒவ்வொரு முறையும் வேறு டவரைத் தேடிக்கொண்டிருக்கும். திசை நிலைத்த பிறகு பேண்டை, அதாவது அலைவரிசையை, ரவுட்டர் அமைப்பில் பூட்டிவிடுங்கள்: தொலைவில் பேண்ட் 8 அல்லது 20, ஊர்ப் பக்கத்தில் பேண்ட் 3. தானியங்கி அமைப்பில் விட்டால் சாயங்காலம் எல்லாரும் இணையும்போது அது அங்குமிங்கும் தாவி, வீடியோ கால் நின்று நின்று வரும்.

கோடைப் பிற்பகலில் இடி மேகம் எழுந்தால் கம்பத்தை இறக்கிக் கேபிளைக் கழற்றுங்கள். கரூவில் சுற்று வட்டாரத்திலேயே உயரமான பொருள் உங்கள் கம்பம்தான்.

இணைப்பிகளில் ஒரு பொறி உண்டு. ரவுட்டரின் எல்டிஇ துளைகள் எஸ்எம்ஏ வகை, வைஃபை துளைகள் ஆர்பி-எஸ்எம்ஏ வகை. மரை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் மாறி மாட்டினாலும் இறுகிவிடும். எல்டிஇ கேபிளின் ஊசியை நடுவில் ஊசி இருக்கும் வைஃபை துளையில் திருகினால் இரண்டும் மோதி நசுங்கும். மாட்டும் முன் ஒன்றில் ஊசி, ஒன்றில் ஓட்டை என்று கண்ணால் பாருங்கள். சரளைச் சாலையின் அலையலையான மேடுகளில் இந்தத் திருகுகள் தாமாகவே கழன்றுவிடும். செரெஸிலிருந்து கால்வினியா போகும் ஆர்355 நடுவில் ஓர் ஊர்கூட இல்லாத சுமார் 250 கிலோமீட்டர், கூர்க்கல் நிறைந்தது. டயருக்குப் பயந்து இரண்டு ஸ்பேர் எடுப்பவர்கள், ரவுட்டரை ரப்பர் திண்டின் மேல் வைக்கவும், கேபிளை ஒரு வளையம் விட்டுக் கட்டவும் மறந்துவிடுகிறார்கள். முகாம் சேர்ந்ததும் 'இன்டர்நெட் வரல' என்றால் முதலில் விரலால் திருகிப் பாருங்கள், பிறகு சிம் தட்டை வெளியே இழுத்து மறுபடி தள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மின்சாரக் கணக்கு: ரவுட்டர் 5 வாட் என்றால் நாளுக்கு 10 ஆம்பியர்-மணி. 40, 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் கரூ வெயிலில் 35. லேப்டாப் 4 மணி நேரம் 20. விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 5. மொத்தம் 70. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 80, பழைய ஏஜிஎம் ரக ஈய-அமில பேட்டரி என்றால் 50. 200 வாட் சோலார் கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 65 திருப்பித் தரும், குளிர்காலத்தில் கணிசமாகக் குறையும். ஆக, ரவுட்டர் இங்கே பிரச்சினையே இல்லை, ஃபிரிட்ஜ்தான். ஜூலையில் சதர்லாந்து போகிறவர்கள் கவனிக்க: இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். லித்தியம் பேட்டரியை அந்தக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அதன் காவல் சுற்று சார்ஜைத் துண்டித்துவிடும். காலையில் வெயில் அடித்தும் சோலார் ஏறவில்லை என்று பேனலைக் கழற்ற வேண்டாம். பேட்டரி கொஞ்சம் சூடேறும் வரை பொறுங்கள்.

பக்கியிலிருந்து (இழுக்கும் பிக்கப் வண்டியிலிருந்து) கேரவனுக்கு வரும் கேபிளில்தான் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். ஓடும் வண்டியிலிருந்து கேரவன் பேட்டரியை ஏற்றும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், போகவர 14 மீட்டர் தூரம்: 6 சதுர மி.மீ. கம்பியில் ஒரு வோல்ட்டே காணாமல் போகும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். முகாமில் கரண்ட் எடுக்க, நீல நிறக் கேரவன் பிளக்கோடு மூன்று தடித்த உருளைக் காலுள்ள சாதாரண பிளக்குக்கான மாற்று வயரும் வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் கீஸருக்குப் போடும் பவர் பிளக்கும் இதுவும் ஒரே வம்சம்.

பூஸ்டர் என்று இணையத்தில் விற்கும் பெட்டிகளை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் மொபைல் ரிப்பீட்டர் இயக்குவது இங்கே சட்டவிரோதம், அது பக்கத்து டவரையும் கெடுக்கும். ஸ்டார்லிங்க் பற்றிக் கேட்காதவர் இல்லை. வரலாற்றில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு 30 சதவீதப் பங்கு என்ற உரிம நிபந்தனையில் பேச்சு சிக்கி, 2025 வரை தென்னாப்பிரிக்காவில் அதற்கு உரிமம் கிடைக்கவில்லை. பக்கத்து நாட்டுக் கணக்கில் வாங்கிக் கூரையில் மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கலாம். நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உயிர் காக்கும் விஷயத்துக்கு இன்ரீச் போன்ற கையடக்கக் கருவி போதும். இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் வழியாக 160 எழுத்துக்குள் செய்தி போகும், எஸ்ஓஎஸ் பொத்தானும் உண்டு. வானம் திறந்திருக்க வேண்டும். கேரவனுக்குள்ளிருந்தோ முள்மரத்தடியிலிருந்தோ அனுப்பினால் போகாது அல்லது வெகுநேரம் ஆகும். கிளம்பும் முன் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். அவசர எண் 112 எந்த நிறுவன டவரிலும், காசு இல்லாமலும் போகும், ஆனால் ஏதோ ஒரு டவர் எட்ட வேண்டும். எதுவுமே எட்டாத இடத்தில் 112 வெறும் எண்.

க்லகாடி வனவிலங்குப் பூங்காவுக்குள் போகிறவர்கள் ட்வீ ரிவீரன் வாசலிலேயே வீட்டுக்குப் பேசி முடித்துவிடுங்கள். அங்கிருந்து நோசோப் முகாம் சுமார் 160 கிலோமீட்டர், வேக வரம்பு 50, ஆக நிற்காமல் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேல். வழியில் போனை நம்பித் திட்டம் போடாதீர்கள். ட்ராக்ஸ்4ஆப்பிரிக்கா வரைபடத்தை அப்பிங்டனில் வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டில் இருக்கும் அக்காவிடம் 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த இரவு எந்த முகாம், முகாம் அலுவலக எண், பக்கியின் நிறமும் பதிவெண்ணும், கேரவனின் பதிவெண், இன்ரீச் செய்தி எந்த முகவரியிலிருந்து வரும். மாலை 7 மணிக்குச் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், மறுநாள் காலை 10 வரை வராவிட்டால் முகாம் அலுவலகத்தைக் கூப்பிடு, அவர்களும் பார்க்கவில்லை என்றால் போலீஸ் எண் 10111 என்று நேரத்தோடு எழுதுங்கள். டேட்டா நகராத இடத்தில் வாட்ஸ்ஆப் ஒற்றை டிக்கோடு நிற்கும். அங்கே சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஒரு கோடு எட்டிப்பார்த்தாலும் போய்விடும். தமிழில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான், நீண்டால் பல துண்டாகி ஒன்று மாட்டிக்கொள்ளும். 'நோசோப், நலம்' போதும்.