முந்தி வந்த மழையும் மூன்று தேன்பெட்டிகளும்

எங்கள் விளை திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் இடையில் இருக்கிறது. பாதி ரப்பர், மீதி தென்னையும் கமுகும் கொஞ்சம் மரச்சீனியும். வீட்டுக்குக் கிழக்கே மூன்று தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்காக அல்ல, பிடித்துப்போய்ச் செய்கிற வேலை. ஐப்பசியில் வரவேண்டிய மழை இந்தத் தடவை புரட்டாசி முடியுமுன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டிகளை வைத்து நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச வெயில்தான் தேனீக்களுக்கு உயிர். ஆடி, ஆவணியில் மெலிந்துபோன கூட்டம் அந்த வெயிலில் தென்னம்பூவுக்கும் தொட்டாவாடிப் பூவுக்கும் போய் மகரந்தம் கொண்டுவரும், ராணி மறுபடி நன்றாக முட்டையிடத் தொடங்கும். வழக்கமான அக்டோபர் மழைகூட மதியத்துக்கு மேல் இடியோடு வரும், காலை நேரம் தேனீக்களுக்கு மிச்சமிருக்கும். இந்தத் தடவை விடிவதற்கு முன்பே பிடித்து நாள் முழுக்கப் பெய்தது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் ஏறி, திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ரப்பர் பால்வெட்டும் நின்றுவிட்டது.

நமக்குத் தேன் கிடைப்பது பெரும்பாலும் ரப்பரில் இருந்துதான். பூவில் இருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, இலைக்காம்பின் நுனியில் மூன்று இலைகளும் சேருகிற இடத்தில் உள்ள சுரப்பிகளில் தேன் ஊறும். அதை எடுக்கக் கூட்டம் நிறைய தேனீக்கள் வேண்டும். முட்டையிலிருந்து தேனீ வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம், அது கூட்டுக்குள் வேலை பார்த்து முடித்து வெளியே பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். ஜனவரி கடைசியில் தேன் சுமக்க வேண்டியவை நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முட்டையாக இருந்தாக வேண்டும். அவற்றை ஊட்டி வளர்க்கிறவை அக்டோபர், நவம்பரில் முட்டையாக இருந்தாக வேண்டும். அக்டோபரில் பட்டினி கிடந்த பெட்டி, பங்குனியில் வெறும் பெட்டி. அதனால்தான் இந்த மழைக்கு நான் இவ்வளவு பதறினேன்.

முதல் வேலை, திறக்காமல் இருப்பது. அருமனைப் பக்கம் பல வருடமாகத் தேனீ வளர்க்கிற மாமா ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் சொன்னது, “மழையத்து பெட்டியத் தொறக்கப்பிடாது மக்களே. புழு குளுந்து போவும்.” புழு இருக்கிற அடையைச் சுற்றித் தேனீக்கள் 33 முதல் 35 டிகிரி வரை சூடு வைத்துக்கொள்கின்றன. இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் நடுக்கி அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன, அதற்குச் சேமித்த தேன் செலவாகிறது. மூடியைத் திறந்து ஈரக்காற்றை உள்ளே விட்டால் அந்தச் செலவு இன்னும் கூடும்.

திறக்காமலே உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான் அதிகமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். மழைக்கு முன்பே தூக்கிப் பார்த்துக் கனத்தைக் கை மனதில் வைத்திருந்தால் இருப்பு குறைவது உடனே தெரியும். அப்புறம் விரலால் பலகையில் ஒரு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். நம் இந்தியத் தேனீ, தட்டினதும் ‘உஸ்’ என்று ஒரே மூச்சாகச் சீறிவிட்டு அடங்கும். அது நல்ல கூட்டம். சீறல் பலவீனமாக இருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சீறாமல் விடாமல் முனகிக்கொண்டே இருந்தால் ராணி இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது அடையாளம் வாசலுக்குக் கீழே இருக்கிறது. காலையில் போய்த் தரையைப் பார்ப்பேன். ஆண் தேனீக்களை இழுத்து வெளியே போட்டிருந்தால், கூட்டம் சிக்கனத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப் புழுவும் முழுமையாக வளராத கூட்டுப்புழுவும் கிடந்தால் உள்ளே பட்டினி. ஓரத்துப் பெட்டிக்குக் கீழே அந்த வெள்ளைப் புழுக்களைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே தீனி கொடுக்கத் தொடங்கினேன்.

வெயில் காலத்தில் ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று பாகு காய்ச்சுவது வழக்கம். அடைமழையில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். பாகு நீர்த்திருந்தால் அதை வற்றவைக்கத் தேனீக்கள் மெனக்கெட வேண்டும், காற்றே ஈரமாக இருக்கும்போது அது பெரிய பாடு. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் சீனி போடுவேன். சீனி தீய்ந்தால் தேனீக்களுக்கு ஆகாது. சத்து என்று நினைத்துக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து ஊற்றக்கூடாது, தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். ஆறின பாகைச் சிரட்டையில் ஊற்றி, மேலே காய்ந்த ஈர்க்கில் துண்டுகளை மிதக்கவிட்டு, இருட்டுகிற நேரத்தில் பெட்டியின் மேல் அறைக்குள், அதாவது தேன் சேர்க்கிற அறைக்குள் வைத்தேன். ஈர்க்கில் இல்லாவிட்டால் தேனீக்கள் பாகில் விழுந்து செத்துவிடும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். பலவீனமான பெட்டி அதோடு தீர்ந்தது. மூடியைச் சிரட்டை நுழைகிற அளவு மட்டும் தூக்கி, சிரட்டையை உள்ளே தள்ளி, உடனே மூடிவிடுவேன். முட்டையும் புழுவும் இருக்கிற கீழ் அறையைத் தொடவே இல்லை.

நனையாமல் காப்பதற்கு மூன்று பெட்டிக்கு மூன்று விதம் செய்து பார்த்தேன். ஒன்றைத் தார்ப்பாயால் வாசல் தவிர முழுக்கச் சுற்றினேன். இன்னொன்றுக்குத் தகர ஷீட்டைச் சாய்வாக வைத்துக் கல் ஏற்றினேன். மூன்றாவதுக்குக் கமுகம்பாளைகளை விரித்து அதன்மேல் தென்னோலை கட்டினேன். தார்ப்பாய் சுற்றியதில் ஒரு சொட்டுக்கூட வெளியிலிருந்து இறங்கவில்லை, ஆனால் மூடியின் உட்பக்கம் வியர்த்து, பூஞ்சை பிடித்துவிட்டது. பெட்டியில் வளர்க்கிற வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீ வாசலில் நின்று தலையை உள்பக்கம் வைத்து விசிறும், உள்ளே இருக்கிற காற்று வெளியேறும். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து விசிறி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். அப்படித் தள்ளுகிற ஈரக்காற்று போவதற்குப் பலகை இடுக்கு வேண்டும், சுற்றிக் கட்டினால் அது உள்ளேயே நிற்கிறது. தகரம் நன்றாக இருந்தது, பெருமழையில் சத்தம் மட்டும் செண்டை மேளம் அடிப்பதுபோல் இருந்தது. அதற்கு அடியில் ஓலை வைத்ததும் குறைந்தது. பாளையும் ஓலையும் போட்டதுதான் உள்ளே அதிகம் உலர்ந்திருந்தது. காற்றுக்கு அடிக்கடி சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இப்போது மூன்றுக்கும் ஓலைக்கு மேல் தகரம். மூடிக்கு அடியில் ஒரு சாக்குத் துண்டும் விரித்திருக்கிறேன், ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. பெட்டியை முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் உள்ளே போன தண்ணீரும் வாசல் வழியே வடிந்துவிடும்.

எறும்பு பெரிய தொல்லை. பெட்டியைத் தாங்குகிற தண்டின் கீழ்க் கிண்ணத்தில் எறும்பைத் தடுக்க ஊற்றியிருந்த எண்ணெய் மழையில் வழிந்தே போய்விட்டது. வெறும் தண்ணீரிலோ உதிர்ந்த ரப்பர் இலை பாலம் போட்டுவிடுகிறது. தண்டில் கிரீஸ் தடவியது பலித்தது.

ஒரு நாள் காலை நல்ல வெயில் அடித்தது. மூன்று பெட்டியிலிருந்தும் தேனீக்கள் ஒன்றாகக் கொட்டி வெளியே வந்து பறந்தன. நாள்கணக்கில் கூட்டுக்குள் அடக்கி வைத்திருந்த கழிவை வெளியே போடுகிற பறத்தல் அது. பத்து மணிக்கு மேல் சூடு ஏறியதும் ஓரத்துப் பெட்டியைத் திறந்தேன். அது நியூட்டன் பெட்டி என்கிற சின்ன மரப்பெட்டி வகை, கீழ் அறையில் அடை கட்டுகிற சட்டம் 7. மூன்றில்தான் தேனீ போர்த்தியிருந்தது, மற்ற அடைகள் வெறிச்சென்று கிடந்தன. ஒரு அடையில் மெழுகுப்புழு நூல் கட்டத் தொடங்கியிருந்தது. ஆளில்லாத அடையில்தான் அந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டை வைக்கும். காலி அடைகளை எடுத்துவிட்டு, இருக்கிற கூட்டத்தை ஒரு பக்கம் நெருக்கித் தடுப்புப் பலகை வைத்தேன். வாசலையும் மண் வைத்துச் சுருக்கினேன். காக்க வேண்டிய இடம் குறைந்தால் சூடும் காவலும் அவற்றுக்கு எளிது. என் அனுபவத்தில் பாகுக்கு அடுத்தபடி பலித்தது இதுதான்.

மற்ற பெட்டியிலிருந்து ஒரு புழு அடையை எடுத்து இதற்குக் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று ஆசை வந்தது. செய்யவில்லை, அடையோடு நோயும் போய்விடுமோ என்ற பயம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் வழியாக மார்த்தாண்டத்தில் பரவிய பெட்டித் தேனீ வளர்ப்பை 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் கிட்டத்தட்டத் துடைத்துப்போட்டது. புழு தண்ணீர் நிறைந்த பைபோல் ஆகி, தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். பட்டினி கிடந்த கூட்டம் நோயைத் தாங்காது. என் பெட்டிகளில் அந்த அடையாளம் ஒன்றும் இல்லை, ஆனாலும் மழைக்காலத்தில் பெட்டிக்குப் பெட்டி அடை மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மகரந்தத்துக்குப் பதிலாகச் சோயா மாவைத் தேனில் பிசைந்து உருண்டையாக வைத்தேன். இரண்டு பெட்டிகளில் கொஞ்சம் தின்றன, ஒன்றில் தொடவே இல்லை. வெயில் வந்ததும் தென்னம்பூ மகரந்தம் காலில் ஒட்டிவர ஆரம்பித்ததால் அதை எடுத்துவிட்டேன்.

இப்போது மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கூட்டம் பெரிதாக இருக்கிற பெட்டியில் ஆறு சட்டம் நிறைய தேனீ. தார்ப்பாய் சுற்றியிருந்ததில் ஐந்து, மூடியைச் சுரண்டிக் காயவைத்துப் போட்டிருக்கிறேன். ஓரத்துப் பெட்டி இன்னும் மூன்றிலேயே நிற்கிறது, ஆனால் அடையின் நடுவில் முட்டை தெரிகிறது, வாசலுக்குக் கீழே வெள்ளைப் புழு விழுவதில்லை. அந்தப் பெரிய கூட்டத்தை இந்த மாதம் இரண்டு பெட்டியாகப் பிரிக்க நினைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன், பிரித்தால் இரண்டும் மெலிந்து நிற்கும், ரப்பர் தளிர் வருமுன் தேற நாள் போதாது. கார்த்திகை முடிகிறவரை பாகு தொடரும். அதற்கு மேல் கொடுத்தால் மேல் அறைக்கு ஏறித் தேனோடு கலந்துவிடும், ஆகையால் அப்போது சிரட்டைகளை எடுத்துவிட்டு மேல் அறைச் சட்டங்களைப் பூட்டுவேன்.